பேசாத மெஷினை பிரிட்ஜுக்குத் தெரியாது

பிரிட்ஜ் என்பது நெட்வொர்க்கின் பகுதிகளை இணைத்து, வரும் தகவலை உரிய பக்கம் அனுப்பும் கருவி; ஸ்விட்ச் என்பதும் பல போர்ட் கொண்ட பிரிட்ஜ்தான். அது முகவரி கற்றுக்கொள்ளும் விதத்தைப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு விளக்கும்போது, முதலில் ஒன்றைச் சொல்வேன்: அது கற்பது அனுப்புநர் முகவரியிலிருந்து மட்டும்தான்.

3ஆம் போர்ட்டில், அதாவது கேபிள் செருகும் 3ஆம் வாயில், ஒரு ஃப்ரேம் (முகவரியோடு வரும் தகவல் துண்டு) நுழைகிறது. அதை அனுப்பிய மெஷினின் 48 பிட் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) அதிலேயே இருக்கிறது. சரி, இந்த மெஷின் 3ஆம் போர்ட் பக்கம் இருக்கிறது என்று பிரிட்ஜ் குறித்துக்கொள்ளும். கற்றல் அவ்வளவுதான். அப்புறம் பெறுநர் முகவரியைத் தன் டேபிளில் தேடும். இருந்தால் அந்தப் போர்ட்டில் மட்டும் விடும். ஃப்ரேம் வந்த அதே போர்ட் என்றால் விடாது. டேபிளிலேயே இல்லையென்றால், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் விடும்.

இந்தக் கடைசி விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். டேபிள் முழுக்கக் காலியாக இருந்தாலும் ஃப்ரேம் போய்ச் சேர்ந்துவிடும். தப்பான பதிவுதான் ஆபத்து, ஏனென்றால் அது ஃப்ரேமை ஆளில்லாத பக்கம் அனுப்பிவிடும். அதனால்தான் ஒரு முகவரியிடமிருந்து 300 வினாடி எதுவும் வராவிட்டால் பிரிட்ஜ் அதை மறந்துவிடுகிறது. இந்தக் கணக்கை மாற்றிக்கொள்ளலாம், பெரும்பாலும் யாரும் மாற்றுவதில்லை.

பிரிட்ஜுகளுக்கிடையே இணைப்புகள் சுற்றிவந்து வளையம் உண்டானால் மட்டும் இந்த அழகெல்லாம் குலைந்துபோகும். ஈதர்நெட் ஃப்ரேமில், இத்தனை தாவலோடு நிறுத்து என்று சொல்லும் ஆயுள் எண்ணிக்கை கிடையாது, சுற்ற ஆரம்பித்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரே முகவரி இரண்டு போர்ட்டிலும் மாறி மாறித் தெரியும், டேபிள் தடுமாறும். டிஜிட்டல் எக்விப்மென்ட் (டெக்) என்ற கணினி நிறுவனத்தில் இருந்த ரேடியா பெர்ல்மன் 1985இல் வெளியிட்ட ஸ்பானிங் ட்ரீ இதற்குத்தான்: உபரி இணைப்புகளை அடைத்து வளையமில்லாமல் செய்யும் முறை.

நான் நேரில் பார்த்த ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். ஓர் அலுவலகத்தில் என் லேப்டாப்பில் டிசிபிடம்ப் (வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் நிரல்) ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சம்பந்தமே இல்லாத யூடிபி பாக்கெட்டுகள் (பெற்றதற்கு ஒப்புகை கேட்காதவை) கொட்டின, எல்லாம் மற்ற மெஷின்களின் பதிவுக் குறிப்புகளைச் சேர்த்துவைக்கும் ஒரு லாக் சர்வருக்குப் போக வேண்டியவை. சர்வர் நன்றாகவே இருந்தது, ஸ்விட்சிலும் பழுதில்லை. அந்த சர்வர் வாங்கிக்கொள்ளும், பதிலுக்கு எதுவும் அனுப்பாது. அந்த பாக்கெட்டுகளை அனுப்பிவிட்ட ரவுட்டரோ சர்வரின் ஏஆர்பி பதிவை (எந்த ஐபி முகவரிக்கு எந்த மேக் முகவரி என்று கேட்டறிந்த குறிப்பு) 4 மணி நேரம் வைத்திருந்தது, அதனால் மறுபடி விசாரிக்கவில்லை. சர்வர் வாய் திறக்காமல் 5 நிமிடம் போனதும் ஸ்விட்ச் அதை மறந்துவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு லாக் பாக்கெட்டும் எல்லாப் போர்ட்டுக்கும் போனது. விதிப்படி பார்த்தால் ஸ்விட்ச் செய்தது முழுக்கச் சரி!

ரவுட்டரின் ஏஆர்பி காலத்தை 4 நிமிடமாகக் குறைக்கச் சொன்னேன். இப்போது ரவுட்டர் அடிக்கடி விசாரிக்கிறது, சர்வர் பதில் சொல்கிறது, அந்தப் பதில் கடந்துபோகும்போதே ஸ்விட்ச் முகவரியைப் புதுப்பித்துக்கொள்கிறது. லாக் பாக்கெட்டுகள் என் லேப்டாப் பக்கம் வருவது நின்றது.