உப்பளத்துல ஒரு போனும் ஒரு மைக்கும்

ஏப்ரல் 11, 2025

நாளைக்கு தூத்துக்குடி உப்பளத்துல உப்பு வாருறவங்களை வீடியோ எடுக்கப் போறேன். பேக்ல போன், காலர் மைக், குட்டி ட்ரைபாட், பவர் பேங்க், அவ்ளோதான். ஃப்ரெண்டு ட்ரோன் தர்றேன்னான், வேணாம்னுட்டேன். மேல இருந்து பாத்தா பாத்தி எல்லாம் கட்டம் கட்டமா அழகாத்தான் இருக்கும், ஆனா வேலை பாக்குற ஆளு புள்ளியாயிடுவாங்க. செட்டிங் இப்பவே போட்டாச்சு, செகண்டுக்கு 25 ஃபிரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் உள்ள விடுற நேரம்) 1/50 செகண்டு. நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், 1/60ல வச்சா டியூப்லைட் மினுமினுக்கும்.

ஏப்ரல் 12

வெயிலுக்கு முன்னாடி முடிக்கணும்னு இருட்டுலயே டார்ச்சோட வாரிட்டு இருந்தாங்க. அக்கா ஒருத்தங்க, "கேமரா எங்கப்பா?"ன்னாங்க, போனை காட்டினேன், "இதுலயா படம் புடிக்கப் போற?"ன்னு சிரிச்சாங்க. அந்த சிரிப்புக்கு அப்புறம் யாருமே போனை கண்டுக்கல, பெரிய கேமரான்னா சுத்தி நின்னு பாத்திருப்பாங்க.

விடிஞ்சதும்தான் சோதனை. தரையெல்லாம் வெள்ளை, ஆட்டோல விட்டா போன் மொத்த படத்தையும் இருட்டாக்கி மூஞ்சி கரேல்னு ஆயிடும், அதனால மூஞ்சிக்கு ஏத்த மாதிரி வெளிச்சத்தை லாக் பண்ணிட்டேன், உப்பு வெளுத்தா வெளுக்கட்டும். 1/50ல இந்த வெயிலுக்கு லென்ஸ் மேல என்டி ஃபில்டர், அதாவது வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி, போட்டே ஆகணும். நம்ம கண்ணு கூசுறது கொஞ்ச நேரம், அவங்களுக்கு தெனமும்.

கடல் காத்துக்கு மைக்ல பஞ்சு மாட்டி, அக்கா வேலைக்கு மேல போட்டுக்குற சட்டைக்கு உள்பக்கமா குத்தியாச்சு. பலகை உப்புல உரசுற சத்தத்தை மட்டும் தனியா எடுத்தேன், எடிட்ல வெட்டு விழுற எடத்தையெல்லாம் அதுதான் மூடப்போகுது. மழை மாசத்துல வேலை இருக்காது, அரசு தர்ற 5000 ரூபா நிவாரணம் எந்த மூலைக்குன்னு கேட்டாங்க. கூலி பத்தியும் பேசுனாங்க.

சார்ஜ் போடுற ஓட்டையில டேப் ஒட்டிதான் எடுத்தேன், உப்புத்தண்ணி ஒரு சொட்டு போனாலும் போன் காலி.

ஏப்ரல் 13

போன்லயே எடிட் முடிச்சு, போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி அக்காவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். இது மட்டும் அவசரத்துல விடவே கூடாத வேலை. கூலி பேசுனதை எடுத்துருப்பா, மொதலாளி பாத்தா வம்புன்னாங்க. வீடியோவுல ஸ்ட்ராங்கான எடமே அதுதான், இருந்தாலும் தூக்கிட்டேன். மூஞ்சி காட்டாம, குரலை மாத்தி, கூலி பத்தி மட்டும் தனியா ஒண்ணு பண்ணலாமான்னு கேட்டிருக்கேன், மத்தவங்ககிட்ட பேசிட்டு சொல்றேன்னிருக்காங்க.