வால்பாறை மழையில் மேக்ரோ வகுப்பு: தவளை, ஃபிளாஷ், ஜீப் வாடகை

வால்பாறையிலிருந்து வந்து துவைத்துப் போட்ட துணிகூட இன்னும் காயவில்லை. தவளை, பூச்சி மாதிரிச் சின்னதைக் கிட்டப்போய்ப் பெரிதாக எடுக்கிற மேக்ரோ போட்டோகிராஃபி பயிலரங்குக்குப் போய்வந்து செலவு, தங்குமிடம், என்ன கேமரா வேண்டும் என்பதையெல்லாம் வரிசையாக எழுதுகிறேன் என்று கிளம்பும் முன்பே சொல்லியிருந்தேன். முதலில் ஜீப்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோபம் இறங்கினால்தான் மற்றதெல்லாம் எழுத வரும்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து எஸ்டேட் தங்குமிடத்துக்கு 12 கிலோமீட்டர். 800 ரூபாய் ஆகும் என்று தங்குமிடத்துக்காரர் போனிலேயே சொல்லியிருந்தார். ஸ்டாண்டில் நின்ற ஜீப்காரர் என் தோளில் தொங்கிய கேமரா பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மழை அக்கா, ரோடெல்லாம் போச்சு, 2000 குடுங்க" என்றார். கெஞ்சிக் கேட்டு 1500-க்கு வந்தோம். தனி வண்டிக்கான காசு கொடுத்தும் வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி ஆள் ஏற்றிக்கொண்டார், அவர்களிடமும் வாங்கினார். எஸ்டேட் கேட்டில் நிறுத்தி, "உள்ரோடு தனி, 300 ஆகும்" என்றார். கொட்டுகிற மழையில் ட்ரைபாடும் பையுமாக நிற்பவர் என்ன செய்ய முடியும்? கொடுத்தேன். போகிறவர்கள் தங்குமிடத்துக்காரரிடமே சொல்லி வண்டி அனுப்பச் சொல்லுங்கள், வாடகையை முன்கூட்டியே பேசிவிடுங்கள். எஸ்டேட்டுகளுக்கு வால்பாறையிலிருந்து பஸ்ஸும் உண்டு. நேரம் விசாரித்து வைத்துக்கொண்டால் டீக்காசில் போய்ச் சேரலாம்.

பொள்ளாச்சியிலிருந்து மேலே ஏறிய பஸ்ஸும் சுகமில்லை. 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவு, என் சீட்டுக்கு நேர் மேலே ஒழுகுகிற கூரை. ஆழியாறு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கேமரா பையை மடியில் வைத்து, அதன் மேல் ரெயின் கோட்டைப் போர்த்தி, நான் நனைந்துகொண்டே போனேன். பையில் இருந்தது இன்னும் தவணை முடியாத கேமரா. வளைவு ஒன்றில் பாறை விளிம்பில் வரையாடுகள் நின்றன. பஸ்ஸே ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்தது. அந்த ஐந்து நிமிடம் ஒழுகலை மறந்துபோனேன்.

சரி, பயிலரங்குக்கு வருகிறேன். கட்டணம் 9500 ரூபாய், தங்குமிடமும் சாப்பாடும் அதிலேயே சேர்த்தி. எனக்கு இது பெரிய தொகை. இந்தப் பணத்தை லென்ஸுக்கென்று எடுத்து வைத்தால் என்ன என்று பல நாள் யோசித்தேன். பெரிய கம்பெனிகளின் 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் புதிதாக வாங்கப் போனால் லட்சத்தை ஒட்டி நிற்கிறது. இப்போது தெளிவாகச் சொல்கிறேன்: லென்ஸுக்கு முன்னால் வகுப்புக்குப் பணம் கட்டுங்கள்.

எங்கள் ஆசிரியர் தன் பெயரைப் போட வேண்டாம் என்றார். இயற்கைப் படம் எடுப்பதுதான் அவருக்கு முழுநேர வேலை. படம் விற்று வருகிற காசில் வீடு நடக்காது, வகுப்பு எடுப்பதால்தான் காட்டுப் பக்கமே இருக்க முடிகிறது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மேசையில் தன் சாமான்களைப் பரப்பினார். கேனானின் 65 மில்லிமீட்டர் மேக்ரோ, 1999-இல் வந்தது. ஆட்டோ ஃபோகஸ் கிடையாது, தூரத்தில் இருக்கும் எதையும் எடுக்க முடியாது, ஆனால் ஒரு பூச்சியை ஐந்து மடங்கு வரை பெரிதாக்கும். அப்புறம் லாவோவா என்ற கம்பெனியின் 24 மில்லிமீட்டர் புரோப் லென்ஸ். கை நீளத்துக்கு ஒரு ஒல்லிக் குழாய், முனையில் குட்டி எல்.இ.டி. வளையம், முன்பகுதியைத் தண்ணீரிலும் நனைக்கலாம். இவ்வளவையும் காட்டிவிட்டு, "இதில் ஒன்றுகூட உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்" என்று ஓரமாக ஒதுக்கினார்.

பிறகு சமையலறையிலிருந்து ஒரு குடைமிளகாயைக் கழுவி, ஈரத்தோடு வாங்கி வந்தார். வெறும் ஃபிளாஷில் ஒரு படம் எடுத்தார். தோல் மேல் நாலைந்து வெள்ளைப் பொட்டு, மற்றதெல்லாம் கறுப்பு. அடுத்து பார்சலோடு வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாளை வளைத்து, ரப்பர் பேண்ட் போட்டு ஃபிளாஷுக்கு முன்னால் கட்டினார். அதைக் கிட்டத்தட்ட மிளகாயைத் தொடுகிற அளவுக்குக் கொண்டுபோய் இன்னொரு படம் எடுத்தார். தோலின் வழவழப்பு, காம்பில் இருந்த மெல்லிய வரி, நீர்த்துளியின் விளிம்பு எல்லாம் தெரிந்தது. வெளிச்சம் எவ்வளவு பிரகாசம் என்பது அவருக்கு இரண்டாவது கேள்விதான். எடுக்கிற பொருளோடு ஒப்பிட்டால் வெளிச்சம் வருகிற பரப்பு எவ்வளவு பெரியது என்பதுதான் முதல் கேள்வி. தவளைத் தோல் எப்போதும் ஈரமாகவே இருப்பதால் டிஃப்யூசர், அதாவது அந்த ஃபோம் தாள் மாதிரி வெளிச்சத்தைப் பரப்புகிற ஒன்று, இல்லாமல் அதைப் படம் எடுப்பதில் அர்த்தமே இல்லை. வீடியோ வீடியோவாகப் பார்த்தும் எனக்கு ஏறாதது அந்தக் குடைமிளகாயில் ஏறியது.

அடுத்தது ஒரு இரும்பு ஸ்கேல். அதைச் சாய்த்து வைத்து, பொருளும் கேமரா சென்சாரில் விழும் பிம்பமும் ஒரே அளவாக வரும்படி எஃப் 8-இல் எடுத்தார் (இந்த எஃப் எண் கூடக் கூட லென்ஸில் ஒளி நுழைகிற துவாரம் சுருங்கும்). கூர்மையாக விழுந்தது சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். எஃப் 16-க்குப் போனால் இரண்டு மில்லிமீட்டர் கிடைக்கும், ஆனால் ஒளி சிதறி மொத்தப் படமும் மழுங்கும். எஃப் 11-இல் நின்றுகொள்ளுங்கள் என்றார். ஃபோகஸை ஒரே இடத்தில் பூட்டிவிட்டு, மூச்சை விட்டபடி உடம்பை இம்மி இம்மியாக முன்னே சாய்த்து, எடுக்கிற உயிரின் கண் கூர்மையாகத் தெரியும் நொடியில் அழுத்த வேண்டும். கண்ணைத் தவறவிட்ட படத்தைத் தயங்காமல் அழித்துவிடச் சொன்னார். கை நடுக்கம் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. ஃபிளாஷைக் குறைந்த அளவில் வைத்தால் அது எரிவதே பத்தாயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவுதான், அசைவு உறைந்துவிடும்.

இருட்டியதும் கிளம்பினோம். காப்புக்காட்டுக்குள் இரவில் போக அனுமதி கிடையாது. உரிமையாளரின் ஒப்புதலோடு தனியார் எஸ்டேட்டுக்குள், ஓடையோரம் மட்டும் நடந்தோம். கிளம்பும் முன் எல்லோர் கையையும் சோப்பு போட்டுக் கழுவச் சொன்னார். தவளை தோலாலும் சுவாசிக்கும், கொசு மருந்து தடவிய கை அதற்கு விஷம். வேறு ஊர் ஓடைச் சேறு ஒட்டிய பூட்ஸையும் தேய்த்துக் கழுவிக் காயவைத்துத்தான் கொண்டுவரச் சொல்லியிருந்தார். உலகம் முழுக்கத் தவளைகளைக் கொன்றிருக்கும் பூஞ்சை நோய் ஒன்று இப்படி ஈரத்திலும் சேற்றிலும் பரவக்கூடியது. அட்டைகளோ எங்களை விடவில்லை. முழங்கால் வரை அட்டைச் சாக்ஸ் கட்டாயம் வாங்குங்கள், அந்தச் செலவில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

முதலில் அகப்பட்டது ஒரு புதர்த்தவளை. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். 'டிக் டிக்' என்று ஊரையே எழுப்புகிற சத்தம். ஏலக்காய் இலையில் உட்கார்ந்து தொண்டைப் பையை ஊதும்போது அது தலையைவிடப் பெரிதாகிறது. அந்தப் பையின் தோல் அவ்வளவு மெல்லியதாக இருந்ததில் பின்பக்கம் வைத்த டார்ச் வெளிச்சம் உள்ளே ஊடுருவித் தெரிந்தது. இந்த இனத்துக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாதாம், முட்டைக்குள்ளிருந்து நேரே குட்டித் தவளையாகவே வெளிவரும். இதைக் கேட்டபின் எனக்குப் படம் எடுக்கவே தோன்றவில்லை, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கொஞ்சம் தள்ளி, தேங்கிய தண்ணீருக்கு மேல் தொங்கிய இலையில் வெள்ளை நுரை உருண்டை ஒன்று இருந்தது. மலபார் பறக்கும் தவளையின் கூடு. முட்டை நுரைக்குள் பொரிந்து, தலைப்பிரட்டைகள் அப்படியே சொட்டிக் கீழே தண்ணீரில் விழும். புரோப் லென்ஸின் முனையை நீருக்குள் விட்டு, விழுந்த குஞ்சுகளை ஆசிரியர் கீழிருந்து எடுத்துக் காட்டினார். திரையில் தண்ணீரின் மேற்பரப்பும், அதற்கு மேலே கூடும், மூக்கை நீட்டி வருகிற தலைப்பிரட்டையும் ஒரே படத்தில் இருந்தன. தாய்த் தவளை இரண்டு அடி தள்ளிக் கிளையில் இருந்தது. இலைப் பச்சை உடம்பு, விரல்களுக்கு நடுவே ஆரஞ்சு ஜவ்வு. எங்கள் குழுவில் ஒரு தம்பி, "சார், அதைக் கொஞ்சம் இந்த இலைக்கு மாத்தி வெச்சா பேக்ரவுண்ட் நல்லா வருமே" என்றார். ஆசிரியர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "அது உக்காந்த இடத்துல எடுக்கத் தெரியலன்னா எடுக்க வேணாம் தம்பி." இதே ஆனைமலையில் இதற்கு ஒரு நெருங்கிய சொந்தம் உண்டு. அது தனி இனம் என்று 2000-இல்தான் அறிவியலாளர்கள் எழுதினார்கள். கண் முன்னால் இருப்பது எது என்றே இன்னும் முழுதாகத் தெரியாத காட்டில், பேக்ரவுண்டுக்காக ஒன்றைப் பிடித்து நகர்த்துவது எனக்கும் பொறுக்கவில்லை.

மறுநாள் இரவு நடை ரத்து. வால்பாறையில் யானை நடமாடும் இடங்களில் சிவப்பு விளக்குக் கம்பங்கள் வைத்திருக்கிறார்கள். அருகில் யானை இருந்தால் போன் மூலமே எரிய வைப்பார்கள், செய்தியும் வரும். அன்று மாலை எங்கள் சாலை விளக்கு எரிந்தது. "பணம் கட்டியிருக்கோமே சார்" என்று ஒருவர் குரலை உயர்த்தினார். "பணத்தைத் திருப்பித் தர்றேன், ரோட்டுக்கு மட்டும் கூட்டிட்டுப் போக மாட்டேன்" என்றார் ஆசிரியர். அந்தப் பதிலுக்காகவே அவரிடம் மறுபடியும் போவேன்.

வராந்தாவில் வெள்ளை வேட்டியைக் கட்டி, பின்னால் விளக்கு வைத்தார். அந்துப்பூச்சிகள் வந்து உட்கார்ந்தன. நள்ளிரவுக்குப் பக்கத்தில், இளம்பச்சை இறக்கையும் நீண்ட வாலுமாக நிலா அந்துப்பூச்சி ஒன்று வந்தது. வளர்ந்தபின் அது எதையும் சாப்பிடுவதில்லை, வாய் இருந்தும் பயன் கிடையாது. அந்த ஒரு வாரச் சொச்ச ஆயுளில் இணை தேடுவதுதான் வேலை. கொஞ்சம் படம் எடுத்ததும் விளக்கை அணைத்துவிட்டார். விடிகிற வரை எரியவிட்டால் பூச்சிகள் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும், காலையில் குருவிகள் வந்து கொத்தித் தீர்த்துவிடும்.

சாப்பாட்டைச் சொல்லாவிட்டால் அந்தச் சமையல்கார அக்கா மன்னிக்க மாட்டார். நனைந்து நடுங்கி வந்தால் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு, கூடவே மத்திக் கருவாட்டுக் குழம்பு, மேலே கட்டன் சாயா என்கிற பால் விடாத டீ. கருவாடு சாப்பிடாத ஒருவருக்கு மிளகு ரசமும் அப்பளமும் தனியாகச் செய்து வைத்திருந்தார். நான் கிழங்கை மூன்றாவது முறை வாங்கினேன். "இன்னும் வெய்யட்டா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே வைத்துவிட்டார்.

திரும்பும் வழியில் புதுத்தோட்டம் எஸ்டேட் பக்கம் சோலைமந்திகளை, அதாவது சிங்கவால் குரங்குகளைப் பார்த்தோம். சாலையில் அடிபடாமல் இருக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். ஒரு தாய் குட்டியோடு அதன் வழியே கடந்தது. கீழே கார் நிறுத்தி சிப்ஸ் நீட்டியவர்களை என்ன சொல்லித் திட்டுவது என்றே தெரியவில்லை.

கணக்கு: பயிலரங்கு 9500, ஜீப் 1800, அட்டைச் சாக்ஸ் 450, பஸ்ஸும் வழிச் சாப்பாடும் சேர்த்து 700-க்குள். கேமரா பையில் போட சிலிக்கா ஜெல் பாக்கெட் நிறைய எடுத்துப் போங்கள், அந்த ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். கேமராவோடு சேர்ந்து வருகிற கிட் லென்ஸின் முன்னால் திருகுகிற க்ளோஸ்-அப் லென்ஸே தொடக்கத்துக்குப் போதும். பணம் கட்டும் முன், தவளையைக் கையால் எடுத்து வைப்பீர்களா என்று நடத்துகிறவரிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் அங்கே போகாதீர்கள்.

நான் இப்போதைக்கு மேக்ரோ லென்ஸ் வாங்கவில்லை. செகண்ட் ஹேண்டில் நல்ல ஃபிளாஷ் ஒன்று தேடுகிறேன், மேனுவலாக அளவு குறைக்க முடிந்தால் போதும். திருப்பூர், கோவைப் பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.