பதினைந்து கையெழுத்து

போன தை மாதம் காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர் வீட்டில் ஓடு மாற்ற ஆள் விட்டோம். இரண்டாம் கட்டில் மழைத் தண்ணீர் ஒழுகி ஒழுகித் தேக்கு உத்தரம் ஒன்று கறுத்துப் போயிருந்தது, விரலால் அழுத்தினால் தூளாக உதிர்ந்தது. மேஸ்திரி சொன்ன தொகை 11 லட்சம். சரி, யார் கொடுப்பது என்று பேச உட்கார்ந்தபோதுதான் இந்த வீடு யாருடையது என்ற கேள்வி வந்தது, அந்தக் கேள்விக்கு அங்கே இருந்த ஒருவராலும் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை.

நான் சென்னையில் ஆடிட்டர். பெரிய குடும்பங்களின் சொத்துக் கணக்கைப் பார்ப்பதுதான் என் தொழில். இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு என் பிறந்த வீட்டுக் கணக்கை மட்டும் அப்பச்சி, அதாவது என் அப்பா, பார்த்துக்கொள்வார் என்று விட்டிருந்தேன், அதற்காக இப்போது மிகவும் வருந்துகிறேன்.

வீட்டை ஐயா, அதாவது அப்பச்சியின் அப்பா, கட்டி முடித்தது 1938-இல். பர்மாவில் அவர் சொந்தமாகச் சம்பாதித்த பணம், பங்காளிகள் யாருக்கும் அதில் பங்கு கிடையாது. நாலே வருடத்தில் போர் வந்து எல்லாரும் ஓடிவர, அங்கே இருந்ததெல்லாம் போய் இந்த வீடுதான் மிஞ்சியது. 1971-இல் தவறினார். அப்பத்தா, மூன்று மகன்கள், இரண்டு பெண்கள். நம் நகரத்தார் வழக்கப்படி வீடு மகன்களுக்கு, பெண்களுக்குத்தான் சீர் செய்தாயிற்றே என்று யாரும் அயித்தைமார் இருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணமான ஆணைத்தான் கோவில் ஒரு புள்ளியாக, அதாவது ஒரு குடும்பமாக எண்ணும், கோவிலுக்குக் கட்டும் புள்ளி வரியும் அப்படித்தான். சட்டம் புள்ளிக் கணக்குப் பார்ப்பதில்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் போனவரின் சுய சம்பாத்தியம் மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சமம், அவருடைய தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் சேர்த்து. ஆக அன்றைக்கே ஆறு பங்கு. 1988-இல் அப்பத்தாவும் போனபிறகு அந்தப் பங்கும் ஐந்து பிள்ளைகளுக்கே வந்தது, அயித்தைமார் உட்பட ஆளுக்கு ஐந்தில் ஒன்று.

இதைப் பலர் 1989, 2005 என்று போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். தமிழ்நாடு 1989-இலும் மத்திய அரசு 2005-இலும் பெண்களுக்குக் கொடுத்தது பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை. 2005 செப்டம்பர் 9-இல் மகள் உயிரோடு இருந்தால் போதும், அப்பா இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐயா மாதிரி தானாகச் சம்பாதித்தவரின் சொத்தில் மகளுக்கு 1956-இலிருந்தே சம பங்கு உண்டு. அயித்தைமாருக்கு எதிராக இருந்தது வேறொன்று: குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வராதவரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்று அதே சட்டத்தில் 23-ஆம் பிரிவு இருந்தது. 2005-இல் அதை எடுத்துவிட்டார்கள். உரிமை இருந்தும் கேட்க வழியில்லாமல் 34 வருடம்! பெரிய அயித்தைக்கு இப்போது 84 வயது, இதை விளக்கிச் சொன்னபோது ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இதற்கு நடுவில் ஒரு காகிதம் கிடைத்தது. ஐயாவின் உள்வீட்டில் இரும்புப் பெட்டிக்கு அடியில் பேரேட்டிலிருந்து கிழித்த தாள், மேலே பிள்ளையார் சுழி, சிவமயம், அதன்கீழ் அவர் கையெழுத்தில் முழுப் பக்கம். வீட்டைப் பிரிக்கக் கூடாது, பெரியவன் பார்த்துக்கொள்ள வேண்டும், பெண்பிள்ளைகள் இருவருக்கும் வயலில் இவ்வளவு, முன்னோருக்கு வைக்கும் படைப்புக்கு எல்லாரும் வரவேண்டும், வருகிற பெண்மக்களுக்கு மேல்பக்கத்து அறை எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். தேதி 1969. கீழே சாட்சி என்று கணக்குப்பிள்ளை ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவுகூடக் கட்டாயம் இல்லை, ஆனால் இரண்டாவது சாட்சி இல்லாவிட்டால் அது உயிலே ஆகாது. பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து யாராவது ஒருவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தத் தாள் நின்றிருக்கும். அவர் எல்லாரையும் நினைத்துத்தான் எழுதியிருக்கிறார், அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பத்திரத்துக்கு யார் யார் கையெழுத்து வேண்டும் என்று எண்ணிப் பார்த்தோம். ஐயாவின் ஐந்து பிள்ளைகளில் அப்பச்சி, பெரிய அயித்தை, இருவர்தான் இருக்கிறார்கள். பெரியப்பா கிளையில் பெரியம்மாவும் மூன்று பிள்ளைகளும். சின்ன அயித்தை கிளையில் மாமாவும் நாலு பிள்ளைகளும். சித்தப்பா கிளையில் பெரிய மகன் ஒருவர், தவறிப்போன சின்ன மகனின் மனைவி, அவருடைய இரண்டு பெண்கள். மொத்தம் 15 பேர். சிங்கப்பூரில் இரண்டு, அமெரிக்காவில் மூன்று, மற்றவர்கள் சென்னை, கோவை, பெங்களூர். இப்படியே இன்னும் இருபது வருடம் விட்டால் நாற்பதாகும். அப்புறம் யாரோ ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்பார், விற்க அவருக்கு உரிமை உண்டு. வாங்கியவர் உடனே வீட்டுக்குள் வந்து குடியேற முடியாது என்றாலும் பாகவழக்குப் போடலாம், பிரிக்க முடியாத வீடு என்று நீதிமன்றம் கருதினால் மொத்தமாக விற்றுப் பணத்தைப் பங்கிடவும் சொல்லலாம். அதற்குப் பிறகு அந்த வீட்டுத் தூணையும் நிலையையும் பார்க்கவேண்டுமானால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளில்தான் தேட வேண்டும். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இலேயே செட்டிநாட்டு ஊர்கள் ஏறிவிட்டன, அந்தப் பட்டியல் ஓடு மாற்றித் தராது.

பெரியப்பா மகன், அண்ணன், நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னார்: காசியில் நம் நகரச் சத்திரம் எத்தனை தலைமுறையாக நிற்கிறது, அதுபோல இதையும் ட்ரஸ்ட் ஆக்கிவிடலாமே. எல்லாக் குடும்பங்களிலும் இந்த யோசனை வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சத்திரம் பொது அறம், அது என்றைக்கும் இருக்கலாம். குடும்பத்துக்கென்று வைக்கிற தனி ட்ரஸ்ட்டுக்கு அந்த ஆயுள் கிடையாது, இன்று உயிரோடு இருப்பவர்களின் ஆயுள், அதற்குமேல் அடுத்து வருபவர் மேஜராகும் வரை, அவ்வளவுதான் சட்டம் விடும். அதன்பிறகு யாருக்குப் போகும் என்று பத்திரத்திலேயே எழுதியாக வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல் வருமான வரியில் இருக்கிறது. விலையில்லாமல் ஒருவருக்குச் சொத்து வந்தால் அதன் மதிப்பு அவருடைய வருமானம், உயில், வாரிசுரிமை, கல்யாணப் பரிசு போன்ற சிலவற்றைத் தவிர உறவினரிடமிருந்து வந்தால்தான் விலக்கு. யார் உறவினர் என்று சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கணவன் மனைவி, உடன்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தவர்கள், அப்பா அம்மாவின் உடன்பிறந்தவர்கள், தனக்கும் துணைக்கும் நேர் மேல் கீழ் வழியினர், இவர்களுடைய துணைகள். சித்தப்பா மகன், அயித்தை மகள் யாரும் இதில் இல்லை. ட்ரஸ்ட்டுக்கும் இதே கதைதான், எழுதி வைப்பவரின் உறவினருக்கு மட்டுமே என்று இருந்தால்தான் விலக்கு. பங்காளிப் பிள்ளைகள் 15 பேர் சேர்ந்து ஒரே ட்ரஸ்ட்டில் வீட்டைப் போட்டால் கோடிக் கணக்கில் மதிப்புள்ள வீட்டுக்கு வரி கேட்டு நோட்டீஸ் வரும்.

இன்னொன்று, இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஒரு பெரியப்பா தன் தம்பி மகளுக்குக் கொடுத்தால் வரி இல்லை, அவளுக்கு அவர் அப்பாவின் உடன்பிறந்தவர். தம்பி மகள் பெரியப்பாவுக்குக் கொடுத்தால் அவருக்கு அவள் பட்டியலில் இல்லை, வரி உண்டு.

ஆகவே நாங்கள் ட்ரஸ்ட்டை விட்டுவிட்டுக் கிளைக்குக் கிளை சேர்ப்பது என்று முடிவு செய்தோம். பெரியப்பா கிளையில் பெரியம்மாவும் தங்கைகளும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதுகிறார்கள், அவர் அதற்கு ஈடாகக் கோவை மனையில் தன் பாகத்தை அவர்களுக்கு விடுகிறார். சின்ன அயித்தை கிளையில் மூத்த மகள் கைக்கு. குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் (விலையில்லாமல் எழுதிக் கொடுப்பது), விடுதலை எல்லாம் மதிப்பில் ஒரு சதவீதம்தான் முத்திரைத் தீர்வை, 2023 ஜூலைக்குப் பிறகு அதற்கு உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000. வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கே நம் தூதரகத்தில் பவர், அதாவது தங்களுக்காகக் கையெழுத்திட இங்கே ஒருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம், எழுதி அனுப்பினால் போதும், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் தீர்வை கட்டிவிட வேண்டும், தள்ளிப் போடாதீர்கள்.

சித்தப்பா கிளையில்தான் நான் பயந்தேன். அந்த அண்ணனுக்கு 58 வயது, பிள்ளைகள் இல்லை, இருபது வருடமாக அந்த வீட்டிலேயே இருந்து விளக்கேற்றுகிறவர். பெண்கள் இருவரும் அவருக்கு எழுதிக் கொடுத்தால் வரி, அவர் அவர்களுக்கு எழுதினால் இல்லை. இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கி வளவில், நடு முற்றத்தருகே, உட்கார்ந்து காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, “தம்பி பிள்ளைகள் என் பிள்ளைகள்தானே, எழுது” என்றார். அவர் ஆயுள் வரை குடியிருக்கவும் அனுபவிக்கவும் உரிமையை வைத்துக்கொண்டு அந்தப் பெண்களுக்குச் செட்டில்மென்ட். அவர்களுடைய அம்மாவும் தன் பங்கைப் பெண்களுக்கே தருகிறார்.

இப்படி 15 பேர் 6 பேராகிறோம். ஆறு பேரும் தனியாக ஓர் ஒப்பந்தம்: ஆளுக்கு இவ்வளவு என்று வைப்பு நிதி, அதன் வட்டியில் பராமரிப்பு, விலக நினைப்பவர் முதலில் மற்றவர்களுக்குத்தான் விற்க வேண்டும், விலையைப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் சொல்வார், பணம் மூன்று வருடத்தில். ஐயா எழுதிய மேல்பக்கத்து அறை வரியை அப்படியே சேர்த்திருக்கிறோம்.

அப்பச்சியின் உயிலும் இப்போது தயார். இரண்டு சாட்சி, இருவரும் அவரைவிட இளையவர்கள், சொத்தில் ஒன்றும் பெறாதவர்கள். டாக்டர் சான்றிதழ், நிறைவேற்றுபவர் பெயர், சார்பதிவாளரிடம் பதிவு. டெபாசிட்டுக்கும் ஷேருக்கும் நாமினி போட்டிருக்கிறேனே என்று அவர் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான், சொந்தக்காரர் வாரிசோ உயிலில் உள்ளவரோ, ஷேருக்கும் அப்படித்தான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. தம்பி சொல்லி அவர் வாங்கிய அமெரிக்கக் கம்பெனிப் பங்குகளையும் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தியாவில் 1985-உடன் எஸ்டேட் டியூட்டி, அதாவது இறந்தவர் விட்டுப்போன சொத்துக்கான வரி, போய்விட்டது, மலேசியாவில் 1991-இல், சிங்கப்பூரில் 2008-இல். ஆனால் அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர் வைத்திருக்கும் அமெரிக்கச் சொத்து 60,000 டாலரைத் தாண்டினால் இறந்தபிறகு அங்கே 40 சதவீதம் வரை வரி போகலாம்.

மாசியில் படைப்புக்கு எல்லாரும் வருகிறார்கள். மறுநாள் காலை சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரம் வாங்கியிருக்கிறோம். பெரிய அயித்தையைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போக வண்டி சொல்லியாகிவிட்டது. தன் பங்கைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், கையெழுத்துப் போடத் தினமும் ஒரு பழைய நோட்டில் எழுதிப் பழகுகிறாராம்.