செம்மண் தரையில் ஒரு காண்டா வாளி: எஃகு உருண்டையால் வெளிச்சம் பிடித்த அனுபவம்

கணினியில் உருவாக்கிய பொருளை ஒரு நிழற்படத்துக்குள் வைத்தால் அது பெரும்பாலும் ஒட்டாமல்தான் நிற்கும். வளைவு, கைப்பிடி, தகரத்தில் விழுந்த ஒடுக்கு எல்லாமே சரியாக இருக்கும். ஆனால் அந்த இடத்தின் வெளிச்சம் அதன்மேல் விழுந்திருக்காது. கண் அதை உடனே பிடித்துவிடும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், அருகிவிட்டது. எங்கும் எண்ணெய் தரும் செம்பனை. தொழிலாளர் குடியிருப்புகளான பழைய லயங்களில் சில வரிசைகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. தோளில் சுமக்கும் காண்டா கம்பில் இரண்டு பக்கமும் தொங்கிய பால்வாளியை, அது இருந்த இடத்திலேயே படத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் வாளியை வடிவமைக்கும் வேலை முடிந்துவிட்டது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. வெளிச்சத்தைப் பிடித்த கதைதான் எழுத வேண்டியது.

இதன் அடிப்படை எண்ணம் பழையது. சுற்றுப்புறத்தின் படத்தைக் கணினிப் பொருளின்மேல் பிரதிபலிக்கச் செய்யும் முறையை 1976இல் பிளின், நியூவெல் இருவரும் எழுதினார்கள். பளபளக்கும் உருண்டையைப் பல ஒளி அளவுகளில் படமெடுத்து, அந்தப் படத்தையே விளக்காக்கிப் பொருளுக்கு ஒளியூட்டலாம் என்பதை 1998இல் பால் டெபவெக் விரிவாகச் செய்து காட்டினார். இன்று அதற்கு வேண்டிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தேவை ஓர் உருண்டை.

அது நம் ஊரில் எளிதில் கிடைக்கும் பொருள். வீட்டு கேட்டின் தூண்களுக்கு மேல் வைக்கும் துருப்பிடிக்காத எஃகு உருண்டைதான் அது. கேட் செய்யும் பட்டறையில் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒன்றை வாங்கினேன். வாங்கும்போது ஒரு ஜன்னல் கம்பியின் பிரதிபலிப்பை உருண்டையின் மேல் மெல்ல நகர்த்திப் பார்க்க வேண்டும். கம்பி நெளிந்தால் அந்த இடத்தில் பள்ளம் இருக்கிறது. இரண்டு அரைக்கோளங்களைப் பற்றவைத்துச் செய்வதால் நடுவில் மெல்லிய வளையம் ஓடும். அது கேமராவை நேராகப் பார்க்காதபடி உருண்டையைத் திருப்பி, அடியில் உள்ள துளையில் பிவிசி குழாயைச் செருகி முக்காலியில் நிறுத்தினேன். விளக்கு துலக்கும் பாலிஷ் போட்டுப் பருத்தித் துணியால் துடைத்தால் போதும். ஒரு விரல் ரேகை பட்டாலும் வானத்தில் மேகம்போல் தெரியும். குளிரூட்டிய காரிலிருந்து அப்படியே வெளியே எடுத்தால் நம் ஈரக்காற்றில் உருண்டை முழுவதும் வியர்த்துவிடும். ஆகவே முதல்நாள் இரவே வீட்டு வெளித்திண்ணையில் வைத்துவிடுவேன்.

உருண்டையின் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. தொலைவிலிருந்து பார்க்கும்போது, வட்டத்தின் மையத்தில் நாம் தெரிவோம். ஆரத்தில் ஏறக்குறைய 0.71 பங்கு தள்ளி நமக்குச் செங்கோணத்தில் உள்ளவை, அதாவது நேர் மேலே, நேர் கீழே, இடம், வலம் எல்லாம் தெரியும். அதற்கு வெளியே உள்ள வளையத்தில் உருண்டைக்குப் பின்னால் இருக்கும் உலகம் முழுவதும் நெருக்கிக்கொண்டு நிற்கும். அந்த வளையத்தின் பரப்பும் உள்வட்டத்தின் பரப்பும் சமம். ஒரே படத்தில் ஏறக்குறைய எல்லாத் திசையும் கிடைத்துவிடுகிறது. ஆனால் விளிம்பில் உருவங்கள் இழுபட்டுப் போகும், நடுவில் நாமும் முக்காலியும் நிற்போம். அதனால்தான் 90 டிகிரி சுற்றிப் போய் இரண்டாவது தடவையும் படமெடுக்கச் சொல்கிறார்கள். நேர் எதிரே போனால் பயன் குறைவு. முதல் படத்தில் இழுபட்ட அதே திசையில் இரண்டாவது படத்தில் நாமே நிற்போம். 90 டிகிரியில் ஒன்றின் குறையை மற்றொன்றின் தெளிவான பகுதி மறைக்கிறது.

எந்த நேரத்தில் எடுப்பது என்பதைப் பக்கத்து லயத்துப் பாட்டியிடம் கேட்டுத்தான் முடிவு செய்தேன். பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். "உச்சி வெயிலில் வாளியில் பால் இருக்காது தம்பி. விடியுமுன்னே பெரட்டுக்கு (ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு)ப் போய், மரம் வெட்டி, மங்கில் (கிண்ணத்தில்) வடிந்த பாலை எடுத்து, பத்து பதினோரு மணிக்கெல்லாம் ஸ்டோருக்குக் கொண்டுபோய்விடுவோம்" என்றார். வாளியை லயத்தின் வாசலில் வைப்பார்களா என்று கேட்டதற்கு, "பால் வாளியா? வாசலிலா? கழுவிக் கவிழ்த்துத்தான் வைப்போம்" என்றார். அதனால் படம் இரண்டாகப் பிரிந்தது. மரங்களின் வரிசையான நிரையின் ஓரத்தில், காலைச் சாய்வெயிலில் பாலோடு ஒன்று. லயத்து வாசலில், பிற்பகலில் கவிழ்த்துவைத்த வாளி மற்றொன்று. நம் கடிகாரப்படி சூரியன் உச்சிக்கு வர மதியம் ஒரு மணியைத் தாண்டிவிடும். ஆகவே பத்து மணிக்கு வெயில் நன்றாகவே சாய்ந்திருக்கும், நிழலும் நீளமாக விழும்.

படமெடுக்கும்போது துளை அளவு, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு), வெண்சமநிலை மூன்றையும் பூட்டிவிட்டு ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றினேன், கேமரா திருத்தாத ரா கோப்பாக. ஒரே படத்தை வைத்துக்கொண்டால் என்ன கெடுகிறது என்று சிலர் கேட்கிறார்கள். சாதாரண ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் உச்சம் 255. சூரியனும் 255, வெயிலில் நிற்கும் வெள்ளைச் சுவரும் 255. கணினிக்கு இரண்டும் ஒரே பலமுள்ள விளக்குகள்தான். அப்போது நிழல் விழாது, சாம்பல் கறைதான் விழும். பல ஷட்டர் வேகங்களை லுமினன்ஸ் எச்டிஆர் என்னும் மென்பொருளில் இணைத்தால் உண்மையான விகிதம் திரும்பிவருகிறது. மேகம் நகருமுன் எடுத்து முடிக்க வேண்டும். கேமராவின் தானியங்கி வரிசைப் பதிவு இதற்குப் பெரிய உதவி.

பிளெண்டரின் சுற்றுச்சூழல் படத்துக்கு உருண்டைப் படத்தை அப்படியே வாசிக்கும் வசதி இருக்கிறது. உருண்டையின் விளிம்பை ஒட்டிச் சதுரமாக வெட்டிக் கொடுத்தால் போதும். இரண்டு கோணங்களையும் தனித்தனியே ஏற்றி, அகலப் பரப்புக் கேமராவால் நீள்சதுரமாக ரெண்டர் செய்து (கணினியால் படமாக்கி), இரண்டாவதை 90 டிகிரி திருப்பி, நான் நிற்கும் இடங்களை மறைத்து ஒட்டி ஒரே வெளிச்ச வரைபடமாக்கினேன். எஃகு தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் திருப்பித் தரும். சாம்பல் அட்டையை நேரிலும், உருண்டைக்குள்ளும் ஒருசேரப் படமெடுத்து, இரண்டுக்கும் உள்ள விகிதத்தால் வரைபடத்தைப் பெருக்கினால் அந்த இழப்பும் நிறச்சாய்வும் சரியாகின்றன.

சூரியன்தான் கடினம். இந்த அளவு உருண்டையில் அதன் பிம்பம் கால் மில்லிமீட்டர்கூட வராது. அந்தச் சிறு புள்ளி மிக வேகமான ஷட்டரிலும் வெளுத்தே போகிறது. ஒளியை ஆயிரம் மடங்கு குறைக்கும் கறுப்பு வடிகட்டி போட்டுப் பிடிக்கலாம். நான் வேறு வழியைத் தேர்ந்தேன். வரைபடத்திலிருந்து சூரியனை அழித்துவிட்டு, அதே திசையில் பிளெண்டரின் சூரிய விளக்கை 0.53 டிகிரி அகலத்தில் வைத்தேன். வானத்தில் சூரியன் தெரியும் அகலமும் அதுதான், அதனால் நிழலின் விளிம்பு எவ்வளவு மங்க வேண்டுமோ அவ்வளவே மங்குகிறது. விளக்கின் பலத்தைக் கண்டுபிடிக்க, மட்டான சாம்பல் அடிப்பூச்சு அடித்த பந்தையும் அங்கேயே படமெடுத்திருந்தேன். கணினியில் அதேபோன்ற பந்தை வைத்து, வெயில் பக்கத்துக்கும் நிழற்பக்கத்துக்கும் உள்ள விகிதம் நிழற்படத்தோடு ஒத்துப்போகும்வரை விளக்கைக் கூட்டிக் குறைத்தேன். பூச்சின் சாம்பல் எவ்வளவு துல்லியம் என்பது இங்கே பெரிதில்லை, விகிதம்தான் முக்கியம்.

இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி உருண்டையின் கீழ்ப்பாதியில் இருந்தது. வானம் நீலம் என்பது எல்லோருக்கும் தெரியும். தரை எவ்வளவு ஒளி தருகிறது என்பதை யாரும் எண்ணுவதில்லை. வரைபடத்தின் எண்களைத் தொட்டுப் பார்த்தேன். வெயில் விழுந்த செம்மண்ணில் சிவப்பு, நீலத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. செம்பனை ஓலைகளின் பக்கமிருந்து பச்சை கசிந்தது. ரெண்டரில் வாளியின் நிழற்பக்கம், அடிவிளிம்பிலிருந்து ஒரு சாண் உயரம்வரை மெல்லிய செம்பழுப்பாக இருந்தது. அதற்கு மேலே நீலம் ஏறியது. கைப்பிடியின் உட்பக்கத்தில்கூட அந்தச் செம்மை போய் அமர்ந்திருந்தது. வாளி அந்த மண்ணில் நிற்பதாகக் கண் ஏற்றுக்கொண்டது அந்த இடத்தில்தான். நம் தோட்டங்களைக் கணினியில் வரைய விரும்பும் யாரும் இணையத்தில் கிடைக்கும் அயல்நாட்டு வெளிச்ச வரைபடத்தைப் போட்டு முடித்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அங்கே தரை வேறு. அதன் வெளிச்சமும் வேறு.

தரையின் நிழலுக்கு, நிழல் மட்டும் ஏந்தும் தளத்தைப் பயன்படுத்தினேன். 2021 டிசம்பரில் வந்த பிளெண்டர் 3.0 முதல் அந்தத் தளம் தன் நிறத்தையும் பொருளின்மேல் தெறிக்கச் செய்கிறது. ஆகவே அதற்குச் செம்மண் நிறத்தையே கொடுத்தேன். வாளி தரையைத் தொடும் இடத்தில் விழும் நெருக்கமான கறுப்பு இதனால்தான் சரியாக வந்தது. கேமராவின் உயரத்தையும் சாய்வையும் நாடாவால் அளந்து பொருத்தியதும், கடைசியில் படத்தின் மணல்போன்ற புள்ளிப்படலத்தை வாளிக்கும் சேர்த்ததும் வழக்கமான வேலைகள்.

லயத்து வாசல் படம் முடிந்துவிட்டது. பாட்டி அதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும், கம்பு இடிக்கும்" என்று கைப்பிடிக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். அந்த ஒடுக்கையும் சேர்த்துவிட்டேன்.

நிரை படம் இன்னும் பாதியில் நிற்கிறது. உருண்டை சொல்வது தான் நின்ற ஒரு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும். திறந்த வாசலில் அது போதும். பால்மர இலைகளுக்குள் வெயில் துண்டு துண்டாக விழும் இடத்தில், இரண்டு அடி தள்ளினால் வெளிச்சமே மாறிவிடுகிறது. அதனால் மரங்களின் இலைக்கூட்டத்தைத் தோராயமாக வடிவமைத்து, சூரிய விளக்கை அதன் வழியாக விடுகிறேன். வானமும் தரையும் மட்டும் உருண்டையிலிருந்து வருகின்றன. இப்போதைக்கு நிழல்துண்டுகளின் அளவு நன்றாகவே பொருந்துகிறது. அடுத்தது வாளிக்குள் இருக்கும் பால். அது ஒளியைக் கொஞ்சம் உள்ளே வாங்கித் திருப்பித் தரும். விளிம்பில் மெலிதாக உறைந்த இடத்தில் தகரத்தின் நிறமும் தெரியும். பிளெண்டரில் அதைச் சரிசெய்ய உண்மையான பாலை அதே வெயிலில் படமெடுத்து ஒப்பிட வேண்டும். மரம் வெட்டும் ஒரு சிறுதோட்டக்காரர் காலையில் வரச் சொல்லியிருக்கிறார்.