பால்மாவு கலக்கும் வேளை

மகள் பிறந்த நான்காம் நாள், தாய்ப்பால் போதாமல் எடை குறைந்ததால், மருத்துவர் பால்மாவை எழுதிக் கொடுத்தார். பிறந்தது முதல் ஆறு மாதம் வரைக்கான முதல் நிலை மாவா என்பதையும், காலாவதி நாளையும் பார்த்து வாங்கச் சொன்னார்.

ஆனால், கலப்பதில்தான் என் முழுக் கவனமும் இருந்தது. மாவு கிருமிநீக்கம் செய்யப்பட்டதன்று. அதில் குரோனோபாக்டர் என்னும் கிருமி இருக்கக்கூடும் என்பதால், கொதித்து இறக்கிய நீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறுவதற்குள், அதாவது அரை மணி நேரத்துக்குள், கலந்துவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. நீரை முதலில் அளந்து ஊற்றி, டப்பாவிலுள்ள கரண்டியால் தலைதட்டிய மாவைச் சேர்த்து, பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே, கொதிநீரில் போட்டெடுத்த பாலாடையால் புகட்டுவேன். மாவை மிச்சப்படுத்த நீரைக் கூட்டுவது பிள்ளையின் சத்தைக் குறைப்பதாகும். இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்காத பாலை, மனம் வலித்தாலும், கொட்டிவிடுவேன்.