அப்பாவும் 17பி பரிசோதனையும்

அப்பாவுக்கு சிஎல்எல் என்ற ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் இரண்டு வருஷம் மருந்தே இல்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துவிட்டு வருவோம். இந்த நோயில் தொந்தரவு வரும்வரை காத்திருப்பதுதான் வழக்கம். போன வருஷம் கழுத்துக் கட்டிகள் எலுமிச்சை அளவுக்கு வந்தன, ஹீமோகுளோபின் 9-க்கு இறங்கியது. பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் திங்கட்கிழமையே கீமோ என்றார்கள். சித்தப்பாதான் விடவில்லை, இன்னொருவரிடமும் காட்டு என்றார். அந்த டாக்டரம்மா ஃபைலைப் புரட்டிவிட்டு முதலில் கேட்டதே "17பி பார்த்தாச்சா?" என்றுதான். யாரும் பார்த்திருக்கவில்லை. எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் போகவில்லை.

ஃபிஷ் என்று ஒரு பரிசோதனை, கையில் எடுக்கும் ரத்தமே போதும். 200 செல்களை எண்ணியதில் 124-இல் 17-ஆம் குரோமோசோமின் குட்டைக் கை, அதாவது 17பி, பறிபோயிருந்தது. டிபி53 ஜீன் இருப்பது அங்கேதான். மிச்சமிருந்த இன்னொரு நகலை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தால் (சீக்வென்சிங்) அதுவும் பழுது.

கீமோ டிஎன்ஏவை உடைக்கும், உடைந்ததைக் கண்டு அந்த செல்லைச் சாகச் சொல்வது டிபி53 தரும் புரதம். அது இல்லாத செல் உடைசலோடேயே பெருகும் என்று தாளில் வரைந்து காட்டினார். அதைவிட மோசம், கீமோவில் மற்ற செல்கள் செத்து இந்த முரட்டு செல்களே மிஞ்சும். முதலில் இல்லாத இழப்பு பின்னாலும் வரலாம், அதனால் ஒவ்வொரு சிகிச்சைக்கு முன்னாலும் கேட்டுப் பாருங்கள், கேட்கத் தயங்கவே தயங்காதீர்கள்.

கீமோவுக்குப் பதில் இப்ருடினிப் என்ற மருந்து, தினமும் 420 மில்லிகிராம். செல் பிழைத்திருக்கத் தேவையான சிக்னலைக் கடத்தும் பிடிகே என்ற புரதத்தை அடைக்கிறது, டிபி53-இன் தயவு தேவையில்லை. 17பி போனவர்களுக்கு இதை அமெரிக்காவில் அனுமதித்ததே 2014-இல்தான். இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், ரத்தக்கசிவும் வரலாம் என்று முதலிலேயே ஈசிஜி எடுத்தார்கள். அப்பாவுக்கு முழங்கையில் நீலமாக ரத்தக்கட்டுகள் வந்தன, மற்றபடி தாங்கிக்கொண்டார்.

முதல் மாதம் வெள்ளையணு 80,000-இலிருந்து 1,40,000-க்கு ஏறியதும் அம்மா அழுதுவிட்டார். கட்டிக்குள் பதுங்கியிருந்த புற்றுசெல்கள் ரத்தத்துக்கு வருகின்றன, பயப்படாதீர்கள் என்றார் டாக்டரம்மா. நாங்கள் முழுசாக நம்பவில்லை. அந்த வாரம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அப்பா சட்டையின் கழுத்துப் பட்டனைப் போட்டார், ஆறு மாதத்தில் முதல் தடவையாக.