கார் சார்ஜுக்கு எந்தக் கட்டணம்? முதலில் மாலை நாலு மணித்தியாலத்தை அளந்து பாருங்கள்

மின்சாரக் கார் வாங்கியதும் பலர் போடுகிற கணக்கு இது: மாதம் 180 அலகுக்கு மேல் போனால் ஓர் அலகு இத்தனை ரூபா, நேர அடிப்படைக் கட்டணத்தில் (எந்த நேரத்தில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விலை மாறுகிற கட்டணம்) இரவு அலகு இத்தனை ரூபா, நடுவில் உள்ள வித்தியாசம் முழுக்க மிச்சம். இது பிழையான கணக்கு. கட்டணத்தை மாற்றினால் அந்த மீட்டரில் ஓடுகிற மின்விசிறி, ரைஸ் குக்கர், தண்ணீர் மோட்டர் அத்தனைக்கும் சேர்த்துத்தான் மாறும். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை வீடு எத்தனை அலகு எடுக்கிறது என்று தெரியாமல் விண்ணப்பப் படிவத்தைத் தொடவே வேண்டாம்.

நேரப் பிரிவு மூன்று. காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், அங்கிருந்து 10.30 வரை உச்சநேரம், 10.30 முதல் விடிய 5.30 வரை குறைந்த கட்டண நேரம். விலைகளை இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அடிக்கடி திருத்துகிறது. ஆகவே கணக்கின் முறையைக் காட்ட, 2022 ஓகஸ்ட் திருத்தம் வரை பல வருடம் மாறாமல் இருந்த பட்டியலை எடுக்கிறேன். இன்றைய எண்களை அதே இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டியலில் மாதம் 60 அலகைத் தாண்டிய வீட்டுக்கு முதல் 60 அலகு 7.85 ரூபா, அடுத்த 30 அலகு 10, அடுத்த 30 அலகு 27.75, அடுத்த 60 அலகு 32, 180க்கு மேல் 45. நிலையான கட்டணம் 91 முதல் 180 வரை 480, அதற்கு மேல் 540. நேர அடிப்படையில் இரவு 13, பகல் 25, உச்சம் 54, நிலையானது 540.

கார் இல்லாமல் மாதம் 110 அலகு எரிக்கிற வீடு ஒன்றை எடுப்போம். பழைய முறையில், அதாவது அலகு கூடக் கூட விலை ஏறுகிற முறையில், பில் 1,806 ரூபா. அந்த 110இல் உச்சநேரத்தில் 45, பகலில் 45, இரவில் 20 என்று வைத்தால், நேர அடிப்படையில் அதே வீட்டுக்கு 4,355 ரூபா வரும். கார் வாசலுக்கு வர முன்னரே 2,549 ரூபா கூடிவிட்டது. இரவு அலகு மலிவென்று வரும் லாபம் முதலில் இந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். இந்த வீட்டுக்குக் கார் மாதம் 108 அலகு எடுக்கும்போதுதான் இரண்டு பில்லும் சமமாகும். சுவரில் இருந்து எடுக்கிற ஓர் அலகுக்கு 6 கிலோமீற்றர் என்று வைத்தால் 650 கிலோமீற்றர் அளவு.

அந்தப் பட்டியலின்படி, திருகோணமலை டவுனுக்குள் மட்டும் மாதம் 300 கிலோமீற்றர் ஓடுபவர் மாறவே கூடாது, நட்டம்தான். வேலை நாள்களில் நிலாவெளி போய்வருபவர் சரியாகக் கோட்டில் நிற்கிறார். கந்தளாய்க்கு நாளாந்தம் போய்வருபவருக்கு ஒரு நாளைக்கு 80 கிலோமீற்றர், 22 நாளில் 293 அலகு. பழைய முறையில் 14,098 ரூபா, நேர அடிப்படையில் 8,164. அவர் யோசிக்கத் தேவையில்லை.

கோட்டில் நிற்பவருக்கு ஒரு வழி உண்டு. இஸ்திரியையும் தண்ணீர் மோட்டரையும் காலை 5.30க்குப் பிறகு போட்டு, உச்சநேரத்தில் மாதம் 15 அலகைக் குறைத்தால் சமப்புள்ளி 108இல் இருந்து 94க்கு இறங்கும். இரவு முழுக்க ஏசி போடுகிற வீட்டுக்கும் லாபம் கூடும், அதை 10.30க்குப் பிறகு போடுவதாக இருந்தால்.

உங்கள் வீட்டு எண்ணை ஊகிக்காதீர்கள். ஏழு நாள் மாலை 6.30க்கும் இரவு 10.30க்கும் மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டி ஏழால் பிரித்து முப்பதால் பெருக்குங்கள். விருந்தாளி வந்த கிழமையை விட்டுவிடுங்கள். பிறகு மின்சார அலுவலகத்தில், உங்கள் இணைப்பு இந்தக் கட்டணத்துக்குத் தகுதியானதா, மீட்டர் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். நேரத்தைப் பதிகிற மீட்டர் இல்லாமல் இது நடக்காது.

மாறிய பிறகு பில் எகிறினால் முதலில் காரின் மணிக்கூட்டைப் பாருங்கள். ஜப்பானில் பாவித்து இறக்கிய லீஃப் கார்களில் மணிக்கூடு சிலவேளை ஜப்பான் நேரத்திலேயே நிற்கும். அது நமக்கு மூன்றரை மணித்தியாலம் முந்தியது. டைமரில் 10.30 என்று வைத்தால் இங்கே இரவு 7 மணிக்கே சார்ஜ் தொடங்கிவிடும், அதுவும் நடு உச்சநேரத்தில். திருத்திய பிறகும் 10.45 முதல் 5.15 வரை என்று வையுங்கள். மீட்டரின் மணிக்கூடும் சில நிமிடம் முன்பின் போகலாம்.

அந்த ஆறரை மணித்தியாலத்தில் எவ்வளவு ஏறும்? வோல்ட் 210க்கு இறங்குகிற லைனில் 10 அம்பியர் சார்ஜர் 14 அலகைத் தாண்டாது, கந்தளாய்ப் பயணத்துக்கு மட்டுமட்டு. 16 அம்பியர் என்றால் 21 அலகுக்கு மேல். 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பில் 32 அம்பியர் சார்ஜர் போட நினைக்காதீர்கள், மெயின் விழுந்துகொண்டே இருக்கும்.

சாதாரண 13 அம்பியர் பிளக்கில் இரவிரவாக 10 அம்பியர் இழுப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயம். கடற்காற்றில் பித்தளைத் தொடுகை கறுக்கும், ஸ்பிரிங் தளரும், அந்த இடம் சூடாகும். சார்ஜ் ஏறி ஒரு மணித்தியாலத்தில் பிளக்கின் பிளாஸ்ரிக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள். கழற்றினால் லைவ் முள்ளின் அடியில் பிளாஸ்ரிக் பழுப்பாகியிருக்கும். மெயின் போர்ட்டில் இருந்து தனியாக 4 சதுர மி.மீ. வயர் (தூரம் கூடினால் 6), 20 அம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் விழுகிற சுவிட்ச்), 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் விழுவது), நீல நிறத் தொழிற்சாலை சொக்கெட் போடுங்கள். ட்ரிப் சுவிட்ச் குறைந்தது ஏ (A) வகையாக இருக்க வேண்டும். ஏசி (AC) வகை, காரில் இருந்து டிசி (DC) மின்சாரம் கசிந்தால் வேலைசெய்யாமல் போகலாம்.

மார்கழி மழையில் ஒழுங்காக ஏறிய சார்ஜர் ஆடியில் எர்த் இல்லை என்று சிவப்பு விளக்குக் காட்டினால் சார்ஜரைக் குறை சொல்ல வேண்டாம். உப்புவெளிப் பக்கத்து மணல் காய்ந்தால் எர்த் தடை ஏறிவிடும். வயர்மேனைக் கொண்டு எர்த் டெஸ்டரால் அளந்து, ஈரம் நிற்கிற ஆழம் வரை கம்பியை இறக்குங்கள், அல்லது கம்பியின் நீளத்துக்குக் குறையாத தூரம் விட்டு இரண்டாவது ஒன்றை அடித்து இரண்டையும் இணையுங்கள். எர்த் சரிபார்ப்பை ஏமாற்ற நியூட்ரலையும் எர்த்தையும் சொக்கெட்டில் பிணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் செய்ய விடாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் காரின் வெளித்தகடு முழுக்கக் கரண்ட் ஏறி நிற்கும்.